டாங்கி தெரிகிறது, ஆளைக் காணோம்

கோயில் ட்யூப்லைட்டில் "உபயம்: இன்னார்" என்று பெயிண்ட் அடித்து, வெளிச்சத்தில் பாதியை உபயதாரரே எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம். குண்டு போடுகிற விமானத்தின் மேலேயே உபயம் எழுதிய பெருந்தன்மை நம் பக்கத்து ராஜ்ஜியத்தில் நடந்திருக்கிறது. ஊர் ஹைதராபாத். உபயதாரர் ஏழாம் நிஜாம், மீர் உஸ்மான் அலி கான்.

1918. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், பிரிட்டிஷ் விமானப்படையின் 110ஆம் ஸ்குவாட்ரனுக்கு டி.எச்.9ஏ ரகக் குண்டுவீச்சு விமானங்கள் நிஜாமின் பணத்தில் வந்து சேர்ந்தன. படைப்பிரிவுக்கு ஹைதராபாத் ஸ்குவாட்ரன் என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு விமானத்தின் விலாவிலும் 'ஹைதராபாத் நிஜாம் அளித்தது' என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். முற்காலத்தில் ஒரு வள்ளலைப் பாட புலவன் வேண்டும், பசி வேண்டும், பாடாண் திணை தெரிய வேண்டும். பிரிட்டிஷ்காரன் அதையெல்லாம் ஒரு டப்பா பெயிண்டில் முடித்துவிட்டான்.

அந்த விமானங்களில் ஒன்று இன்னும் இருக்கிறது. எண் எஃப் 1010. 1918 அக்டோபர் 5 அன்று ஜெர்மன் நகரம் ஒன்றின் மேல் குண்டு போடப் போய், அங்கேயே பிடிபட்டது. ஜெர்மானியர்கள் அதைப் பெர்லினில் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரின் களேபரத்தில் போலந்துக்குப் போனது. 1977இல் பிரிட்டன் அதைத் திரும்பப் பெற்று, பிற்பாடு லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்தது. இரண்டு உலகப்போர்களையும் நாலு நாடுகளையும் பார்த்த விமானம், காசு கொடுத்த ஹைதராபாத்தை மட்டும் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

காசு கொடுத்தது ஹைதராபாத் என்றேனே, அது சரியில்லை. நிஜாமும் கொடுக்கவில்லை. நல்கொண்டாவிலும் வாரங்கலிலும் கரீம்நகரிலும் ஏர் பிடித்தவன் கொடுத்தான். ராஜ்ஜியத்து நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிஜாமின் சொந்தப் பண்ணை. இன்னும் சுமார் மூன்று பங்கு ஜாகீர்தார்கள் கையில். மிச்சத்தில் தேஷ்முக் என்ற நிலப்பிரபுக்களின் ராஜாங்கம். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும், பல்லக்குத் தூக்குவதும், செருப்பு தைத்துக் கொடுப்பதும், துணி வெளுப்பதும் கூலியில்லாத வெட்டி வேலை. இந்த ஆட்கள் கட்டிய வரியும் வாரமும் பிரான்ஸ் நாட்டு விமானத் தளத்தில் போய் இறக்கை முளைத்து ஜெர்மனிக்குப் பறந்தன. இவர்களில் எவனுக்கு ஜெர்மன்காரனோடு என்ன வாய்க்கால் தகராறு என்று யாரும் கேட்கவில்லை.

போர்ப் படத்தின் முதல் விதியை இங்கேயே எழுதிக்கொள்ளலாம்: கொடுத்தவன் பெயர் இயந்திரத்தின் மேல் இருக்கும். யாரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தான் என்பது எங்கேயும் இருக்காது.

கைமாறாகக் கிடைத்தது பட்டம். அதே 1918இல் 'மேன்மை மிக்க பெருமான்' என்ற பொருளில் வேறெந்த இந்திய மன்னருக்கும் இல்லாத அடைமொழி வந்தது. கூடவே 'பிரிட்டிஷ் அரசின் விசுவாசமான கூட்டாளி' என்ற விருது. விசுவாசத்துக்குச் சான்றிதழ் வாங்கியவர்கள் உலகில் பலர் உண்டு. அதைப் பெருமையாகப் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டவர்கள் குறைவு.

அடுத்த உலகப்போரிலும் கூட்டாளி குறை வைக்கவில்லை. 1940இல் இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு ஜெர்மானியரை எதிர்த்த 152ஆம் ஸ்குவாட்ரனுக்கும் ஹைதராபாத் என்றுதான் பெயர். அதன் சின்னத்தில் பொறித்திருப்பது நிஜாமின் தலைப்பாகை. கீழே முழக்க வாசகம்: 'விசுவாசமான கூட்டாளி'. ஹரிக்கேன் விமானங்களை ஓட்டிய 253ஆம் ஸ்குவாட்ரனும் ஹைதராபாத் பெயரைத்தான் சுமந்தது. தலைப்பாகை வானத்தில் பறந்தது. தலைகள் கீழே தேஷ்முக்கின் வாசலில் குனிந்திருந்தன.

விமானம் போதாதென்று கப்பலும் உண்டு. நிஜாம் ராஜ்ஜியத்துக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் நிலம். பெரிய நீர்ப்பரப்பு என்றால் ஹுசைன் சாகர், உஸ்மான் சாகர் போன்ற ஏரிகள்தான். ஆனால் பெயர் போட்ட போர்க்கப்பல் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டி, 1941 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பல் 'நிஜாம்'. கிரீட் தீவிலிருந்து துருப்புகளை மீட்டது, டோப்ருக்குக்குச் சரக்கும் சிப்பாய்களும் ஏற்றிப் போனது. 1945 பிப்ரவரியில் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் ஒரு ராட்சத அலை அடித்ததில் பத்து மாலுமிகளைக் கடல் கொண்டுபோனது. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது அங்கே நங்கூரமிட்டிருந்த நேச நாட்டுக் கப்பல்களில் 'நிஜாம்' ஒன்று.

டோக்கியோவில் கப்பல் கம்பீரமாக நின்ற பத்தே மாதத்தில், 1946 ஜூலை 4 அன்று, ஜனகாமுக்குப் பக்கத்தில் கடவெண்டி கிராமத்தில் விஸ்னூர் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா என்ற இளைஞன் செத்தான். தெலங்கானா உழவர் போராட்டம் அங்கிருந்துதான் பற்றிக்கொண்டது. கப்பலின் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கொமரய்யாவைப் படம் பிடிக்கக் கடவெண்டிக்கு யார் கேமராவோடு வந்தார்கள்?

இத்தனை விமானமும் கப்பலும் வாங்கிக் கொடுத்த மன்னருக்கு, அவர் இந்தியாவோடு சேர மறுத்து, 1948இல் இந்திய ராணுவம் எல்லையில் வந்து நின்றபோது சொந்தமாக ஒரு போர் விமானம் இல்லை. விசுவாசமான கூட்டாளி லண்டனைப் பார்த்தார். லண்டன் கடிகாரத்தைப் பார்த்தது. பேரரசுகளுக்குக் கொடுத்த நன்கொடைக்கு ரசீது கிடைக்கும். பதில் மரியாதை கிடைக்காது.

அப்போது வந்து சேர்ந்தவர் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி. போர்ப் படங்களைப் பற்றிப் பேசும்போது இவரை விட முடியாது. 1939இல் போர் தொடங்குமுன், சாதாரணப் பயணி விமானத்தின் வயிற்றில் கேமராவை ஒளித்து வைத்து ஜெர்மனியின் மேல் பறந்து படமெடுத்தவர். வானத்திலிருந்து எதிரியைப் படமெடுக்கும் கலைக்குப் பிரிட்டனில் வழி போட்டவர்களில் முக்கியமானவர். அந்த மகான் 1948இல் லங்காஸ்ட்ரியன் விமானங்களில் கராச்சியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஹைதராபாத்துக்குத் துப்பாக்கி கடத்தினார். கட்டணம் நிஜாமின் கஜானாவிலிருந்து, அதாவது மறுபடியும் அதே நல்கொண்டாக்காரன் மடியிலிருந்து. பின்னால் இங்கிலாந்தில் வழக்கு நடந்து அவருக்கு 200 பவுன் அபராதம் விதித்தார்கள்.

1948 செப்டம்பர் 13. ஷோலாப்பூர் பக்கமிருந்து மேஜர் ஜெனரல் ஜெ.என். சௌத்ரியின் தலைமையில் இந்தியாவின் கவசப் படைப்பிரிவு உள்ளே நுழைந்தது. ஷெர்மன் டாங்கிகள், ஸ்டூவர்ட் டாங்கிகள், மேலே டெம்பெஸ்ட் போர் விமானங்கள். ஊரில் போலோ மைதானங்கள் அதிகம் என்பதால் ஆபரேஷன் போலோ என்று பெயர். அரசு உலகத்துக்குச் சொன்னது 'போலீஸ் நடவடிக்கை'. டாங்கி வைத்திருக்கிற போலீஸ் ஸ்டேஷன் எந்த ஜில்லாவில் இருந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனைப் பிடிக்க உண்மையான போலீஸ் வந்திருக்கும்.

17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். 18ஆம் தேதி அவருடைய தளபதி எல் எட்ரூஸ், சௌத்ரியிடம் முறைப்படி சரணடைந்தார். இந்த நாலைந்து நாளுக்கு அருமையான படங்கள் உண்டு. புழுதி கிளப்பிப் போகும் டாங்கி. ஜீப்பில் அதிகாரிகள். விறைப்பாக நிற்கும் இரண்டு தளபதிகள். பிற்பாடு பேகம்பேட் விமான நிலையத்தில் சர்தார் படேலுக்கு முன்னால் நிஜாம் கைகூப்பி நிற்கும் படம். இதைவிடச் சுத்தமான போரை எந்த நாடும் காட்ட முடியாது. படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

கைகூப்பியவருக்கு என்ன ஆனது? 1950இல் அவரே ஹைதராபாத் மாநிலத்தின் ராஜப்பிரமுகர், ஆளுநருக்குச் சமமான பதவி. ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியம். தோற்றவருக்குக் கிடைத்த தண்டனை இது. தண்டனை இப்படி இருக்குமென்றால் நாளைக்கே தோற்கத் தயாரானவர்கள் தேசம் முழுக்க இருக்கிறார்கள்.

படத்துக்கு வெளியே நடந்ததைப் பார்க்கப் பிரதமர் நேரு ஒரு குழுவை அனுப்பினார். பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி. 1948 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் மூன்றாம் வாரம் வரை பதினாறு ஜில்லாக்களில் ஒன்பதைச் சுற்றினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களின் ஆட்களிடம் பேசினார்கள். நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் செத்தவர்கள் குறைந்தது 27,000இலிருந்து 40,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஜில்லாக்களில்தான் கொடுமை அதிகம். கொன்றவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள். ராணுவத்தின் ஒழுங்கைப் பொதுவாகப் பாராட்டிய அறிக்கை அது. பாராட்டிய அதே பேனாவால்தான், சில இடங்களில் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் கொள்ளையிலும் அதைவிட மோசமானவற்றிலும் கை வைத்ததற்கு மறுக்க முடியாத சாட்சியம் இருப்பதாகவும் எழுதினார்கள்.

அறிக்கையை என்ன செய்தார்கள்? நல்ல குடும்பங்களில் கெட்ட செய்தியை என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். 2013 வாக்கில் டெல்லி நேரு நூலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும்படி ஆனது. அறுபத்தைந்து ஆண்டுகள். டாங்கியின் படத்தைத் தினசரிகளில் போட ஒரு நாள் போதுமாயிருந்தது.

"ரஜாக்கர்கள் செய்தது மட்டும் என்ன?" என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும். எழட்டும். அந்தக் கேள்வி நியாயமானது. நிஜாம் ஆட்சிக்குத் துணை நின்ற தனிப்படையான காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளி கிராமத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அதே ஆகஸ்டில் 'இம்ரோஸ்' பத்திரிகை ஆசிரியர் ஷோயபுல்லா கானை ஹைதராபாத் தெருவில் வெட்டிச் சாய்த்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதிய முஸ்லிம் அவர். எழுதிய கையையே வெட்டினார்கள். இதெல்லாம் நடந்தது. அதற்குக் கணக்கு, அதைச் செய்தவனிடமிருந்து தீர்க்க வேண்டியது. குல்பர்காவின் நெசவாளியிடமிருந்தும் அவன் பிள்ளையிடமிருந்தும் தீர்த்துக்கொண்டதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் இடம்? பைரான்பள்ளியைச் சொல்லி உஸ்மானாபாத்தை மறைப்பவனுக்கும், உஸ்மானாபாத்தைச் சொல்லி பைரான்பள்ளியை மறைப்பவனுக்கும் செத்தவன் மேல் அக்கறை கிடையாது. இருவருக்கும் வேண்டியது பிணங்களின் எண்ணிக்கை, அதுவும் எதிராளி வீட்டுக் கணக்கில்.

ராணுவம் அத்தோடு திரும்பிப் போகவில்லை. நிஜாமைப் பணிய வைத்த கையோடு, நிஜாமையும் தேஷ்முக்குகளையும் எதிர்த்து நின்ற உழவர்கள் பக்கம் துப்பாக்கி திரும்பியது. 1951இல் போராட்டம் நிற்கும் வரை நான்காயிரம் பேர் கொல்லப்பட்டதாகக் கம்யூனிஸ்ட் தலைவர் சுந்தரய்யா எழுதினார். நிஜாமின் விமானத்துக்கு வரி கட்டியவனுக்குக் கிடைத்த விடுதலையின் லட்சணம் இது.

தொல்காப்பியர் வஞ்சிக்கும் தும்பைக்கும் வாகைக்கும் இலக்கணம் எழுதியவர், காஞ்சிக்கும் எழுதினார். விழுப்புண்ணையும், கணவன் உடலைக் கட்டிக்கொண்டு கதறுகிறவளையும், சுடுகாட்டையும் போரின் இலக்கணத்தில் சேர்த்தார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓலையில் எழுதிய ஆளுக்கு இருந்த நேர்மை, கேமராவும் பிலிமும் வைத்திருந்த அரசுகளுக்கு இல்லை. ஆக, இரண்டாம் விதி: இயந்திரம் படத்தில் இருக்கும். அதன் சக்கரம் எதன் மேல் ஏறிப் போனது என்பது சட்டத்துக்கு வெளியே நிற்கும்.

இப்போது ஒவ்வொரு செப்டம்பர் 17க்கும் ஹைதராபாத்தில் திருவிழா. 2022இல் மத்திய உள்துறை அமைச்சர் செகந்திராபாத் அணிவகுப்பு மைதானத்தில் கொடியேற்றி 'விடுதலை நாள்' என்றார். அதே நாளில் அன்றைய மாநில அரசு 'தேசிய ஒருமைப்பாட்டு நாள்' என்றது. ஆட்சி மாறியதும் 2024இல் 'மக்களாட்சி நாள்' என்று இன்னொரு பெயர். ஒரே தேதிக்கு மூன்று கட்சி, மூன்று பேனர், மூன்று தொகுதிக் கணக்கு. மூன்று பேனரிலும் டாங்கிக்கும் படேலுக்கும் தலைவர்களுக்கும் இடம் உண்டு. சுந்தர்லால் அறிக்கைக்கு ஓர் ஓரத்தில்கூட இல்லை. மூன்று மேடையிலும் அதை வாசிக்க ஒருவருக்கும் தொண்டை வராது. வெற்றியைப் பங்கு போடத் தள்ளுமுள்ளு. பிணத்துக்கு மட்டும் வாரிசு இல்லை.

எதிர்ப்பக்கத்துப் பக்தர்களும் சளைத்தவர்கள் அல்ல. அவர்களுடைய வாட்ஸ்ஆப்பில் நிஜாமும் லால் பகதூர் சாஸ்திரியும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வலம் வரும். கீழே, 1965 போரின்போது நிஜாம் ஐயாயிரம் கிலோ தங்கத்தைத் தேசத்துக்குத் தானம் கொடுத்ததாக ஒரு கதை. கண்ணீர் வரும், பகிரத் தோன்றும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அப்படியொரு தானம் பற்றித் தகவலே இல்லை என்று பதில் வந்தது. நிஜாம் கொடுத்தது 425 கிலோ, அதுவும் தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத்தில் முதலீடு, ஆறரை சதவீத வட்டியோடு. 1937இல் டைம் பத்திரிகை அட்டையில் உலகப் பணக்காரர் என்று படம் வந்த மனிதர், போர்க்காலத்தில் வட்டிக்கு விட்டார். அதிலே தப்பில்லை, பணக்காரன் புத்தி அது. அதைத் தானமாக்கி, பன்னிரண்டு மடங்கு ஊதி, தேசபக்திச் சான்றிதழாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமையை இந்நாட்டு முஸ்லிமுக்கு உண்டாக்கியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஹைதராபாத் இப்போது விமானம் வாங்கிக் கொடுக்கிற ஊர் அல்ல, செய்து கொடுக்கிற ஊர். வளர்ச்சி. ஆதிபட்லாவில் அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டருக்கு உடற்கூடு செய்கிறார்கள். இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து அதானி குழுமம் 2018 டிசம்பரில் தொடங்கிய ஆலையில் ஹெர்மிஸ் 900 ரக ஆளில்லா விமானம் தயாராகிறது. இஸ்ரேலுக்கு வெளியே அந்த ரகத்தைச் செய்யும் முதல் ஆலை அது. 2024 ஜனவரியில் அதே குடும்பத்து விமானம் ஒன்றுக்கு 'திருஷ்டி' என்று பெயர் சூட்டி, கடற்படைத் தளபதியை அழைத்துப் பூமாலை போட்டு, படமெடுத்து, இந்தியக் கடற்படைக்குக் கொடுத்தார்கள். நம் ஊர் பூசணிக்காய் உடைத்துக் கழிப்பதை அவர்கள் வானத்தில் பறக்க விட்டார்கள். அடுத்த மாதமே, இந்த ஆலையிலிருந்து இருபது ஹெர்மிஸ் இஸ்ரேலுக்குப் போனதாகச் செய்தி வந்தது. காஸாவில் மருத்துவமனைகள் இடிந்துகொண்டிருந்த நேரம். அதற்குப் பூமாலை இல்லை, படம் இல்லை, தளபதி இல்லை. 1918இல் விமானத்தின் மேல் பெயர் எழுதத் துடித்தார்கள். இன்றைக்குப் பெயர் தெரியக் கூடாது என்று பார்க்கிறார்கள். நிஜாமுக்குக் கொஞ்சம் பரிந்து பேசத் தோன்றுகிற இடம் இது ஒன்றுதான். அவர் ஒளிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருந்த ஒரே உண்மை, படத்தில் இருக்கும் இயந்திரமாவது உண்மையானது என்பது. 2025 மே மாதம் அதையும் முடித்துவைத்தார்கள். பாகிஸ்தான் மேல் இந்தியா நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தொடங்கிய மறுநாள் இரவு நம் செய்தி ஸ்டூடியோக்களில் கோட் போட்டவர்கள் கராச்சித் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கினார்கள். விக்ராந்த் கப்பல் குண்டு மழை பொழிந்தது. சில நாற்காலிகளில் இஸ்லாமாபாதே விழுந்தது. காட்டிய காட்சிகளில் சில 'ஆர்மா 3' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுத்தவை. ஒன்று, அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் விழுந்த விமானம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே வியாபாரம்தான்: 2021இல் பஞ்சாபின் மோகா அருகே விபத்தில் விழுந்த பழைய மிக் 21இன் படத்தைக் காட்டி, 'ரஃபேலைச் சுட்டோம்' என்றார்கள். இரண்டு அணு ஆயுத நாடுகளின் மக்கள், ஒரு விளையாட்டுக் கம்பெனியின் கிராபிக்ஸைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டினார்கள். விமானத் தாக்குதல் சைரன் ஒலியை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள் என்று அரசே சேனல்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. மே 11 அன்று கடற்படையின் வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத் செய்தியாளர்களிடம், கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்கத் தயார் நிலையில் காத்திருந்தோம் என்றார். காத்திருந்தார்கள். கடற்படைக்குத் தெரியாமல் கடற்போரை ஜெயித்த பெருமை உலகிலேயே நம் ஸ்டூடியோக்களுக்குத்தான்.

ஆனால் கராச்சி விழாமல் போகவில்லை. மே 10 அன்று அது விழத்தான் செய்தது, ஹைதராபாத்தில். ஷம்ஷாபாத்தில் இருக்கும் கராச்சி பேக்கரிக் கிளைக்கு முன்னால் ஒரு கும்பல் கூடி முழக்கமிட்டு, பெயர்ப்பலகையைத் தாக்கியது. பிரிவினையில் சிந்துவை விட்டு ஓடிவந்த கான்சந்த் ராம்னானி 1953இல் தொடங்கிய கடை அது. சிந்தி இந்து. விட்டு வந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதி வைத்தவர். பாகிஸ்தானால் வீடிழந்தவர் குடும்பத்தை, பாகிஸ்தானை ஜெயித்த மகிழ்ச்சியில் அடித்த வீரம் இது. டிவியில் ஓடிய டாங்கிக்குச் சிக்கிய ஒரே நிஜ இலக்கு, ஃப்ரூட் பிஸ்கட். வெட்சி வீரன் பகைவனின் மாட்டையாவது ஓட்டிக்கொண்டு வந்தான். இவர்கள் உள்ளூர்க்காரன் பலகையை உடைத்தார்கள். கடைக்காரர்கள் மூவர்ணக் கொடியைத் தொங்கவிட்டு, நாங்கள் இந்தியர்கள் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. மூன்றாம் விதி: படம் போதும், இயந்திரம்கூட வேண்டாம். அடி மட்டும் உண்மையான ஆளின் மேல்தான் விழும்.

இதைப் படித்துவிட்டு, வடக்கே இருப்பவர்கள் இப்படித்தான் என்று தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நமக்கும் ஒரு நாற்பதாயிரம் இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் நாற்பதாயிரம் பேர் வரை செத்திருக்கக்கூடும் என்று ஐநா வல்லுநர் குழு 2011இல் எழுதியது. அந்த எண்ணை நாம் உறக்கத்திலும் சொல்வோம், சொல்ல வேண்டும். வன்னியில் புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் காட்சிக்கு வைத்து, தென்னிலங்கையிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டபோது நமக்குக் குடல் புரண்டது. அந்த இரும்பின் பக்கத்தில் செத்தவர்களின் பெயர் எங்கே என்று கேட்டோம். சரியான கேள்வி. அதே கேள்வியை, நம் சொந்த நாட்டு ராணுவம் நுழைந்த, சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் இருக்கும் ஹைதராபாத்தின் நாற்பதாயிரத்துக்கு எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பிரியாணிக்காகவும் ஐடி வேலைக்காகவும் அங்கே போகத் தெரிந்த நமக்கு, ஆபரேஷன் போலோ பள்ளிக்கூடத்தில் படேலின் சாமர்த்தியம் என்று ஒற்றை வரியாக வந்து போனது. மார்க்குக்கு எழுதினோம், மறந்தோம். ஒருவன் பிணத்துக்கு அழுது இன்னொருவன் பிணத்தைத் தாண்டிப் போகிறவனுக்கு, சிங்களச் சுற்றுலாப் பயணியைத் திட்ட என்ன யோக்கியதை?

தேசபக்தி குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது சரி. நிஜாமின் ஆட்சி ஒழிந்தது நல்லது. ரஜாக்கர்களை அடக்கியது தேவை. இந்த மூன்றையும் ஒப்புக்கொண்ட நேருதான் சுந்தர்லாலை அனுப்பினார். அந்த மூன்று உண்மைகளைத் தாங்கி நிற்க ஒரு பொய் தேவைப்படவில்லை. பொய் தேவைப்பட்டது வேறு வேலைக்கு: ஒவ்வொரு செப்டம்பரிலும் ஓட்டு எண்ண.

ஆகவே கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த செப்டம்பர் 17 அன்று அணிவகுப்பு மைதானத்தில் எந்தக் கட்சி கொடியேற்றினாலும் சரி, எந்தப் பெயரில் விழா எடுத்தாலும் சரி. பைரான்பள்ளியில் செத்தவர்களின் பெயர்களை முதலில் வாசியுங்கள். அடுத்து, உஸ்மானாபாத்திலும் குல்பர்காவிலும் பீதரிலும் நாந்தேடிலும் செத்தவர்களில் கிடைக்கிற பெயர்களையாவது வாசியுங்கள். பிறகு நல்கொண்டாவின் உழவர்கள். வாசித்து முடிக்க ராத்திரியாகும், ஆகட்டும். அதற்குப் பிறகு டாங்கியை ஓட்டிக் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது: சுந்தர்லால் குழு கொடுத்த அறிக்கையை இந்திய அரசு தன் பெயரில் அச்சிட்டு இன்றுவரை வெளியிடவில்லை. வெளியிடுங்கள்.